விஜயதசமி காலையில் எழுந்திருக்காத கம்ப்யூட்டர்

போன வாரம் பூ வாங்க பஜாருக்குப் போயிருந்தேன். நகைக்கடை வாசலில் ஆளுயரத்துக்கு ஒரு டி.வி. நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலையிலிருந்து கடை சாத்தும் வரை அதில் ஒரு பெண் ஆரம் போட்டுக்கொண்டு சிரித்தபடியே இருப்பாள். அன்றைக்கு அவளைக் காணோம். கறுப்புத் திரை, அதில் வெள்ளை எழுத்து வரி வரியாக. கடைசி வரியில் 'கெர்னல் பேனிக்', மெஷினின் மூளையே பயந்து நின்றுவிட்டது என்று அர்த்தம். கடைக்காரர் ரிமோட்டை அதற்கு நேராக நீட்டிக்கொண்டு அமுக்கு அமுக்கென்று அமுக்கிக்கொண்டிருந்தார்.

நான் நின்று மேலிருந்து கீழே முழுசாகப் படித்தேன். "இன்னாம்மா, நகை எடுக்கப் போறியா, இப்டி மொறைச்சிப் பாத்துகினு நிக்கிற?" என்று பூக்காரம்மா கேட்டாள். முழம் எவ்வளவு என்று கேட்டேன். முகம் சூடாகிக் காதெல்லாம் எரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்தால் எனக்கு வெட்கம்தான் வருகிறது. ஒரு மெஷின் நின்றுபோனதற்காக யாராவது வெட்கப்படுவார்களா? எதற்காக என்று உனக்குத் தெரியும். இந்த வீட்டில் இதை வேறு யாரிடமும் பேச முடியாது. அதனால்தான் நீ இல்லை என்று தெரிந்தும் உனக்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நம் பழக்கம் பஸ்ஸில் ஆரம்பித்தது. தொண்ணூறுகளின் கடைசியில் வேலூருக்கு பாலிடெக்னிக் போய்வந்த நாட்கள். நான் ஆரணியில் ஏறி உனக்கும் சேர்த்து ஒரு இடத்தில் பையைப் போட்டு வைப்பேன். கண்ணமங்கலம் வரை அந்த இடத்துக்காக ஊரில் உள்ள அத்தனை அம்மாக்களோடும் சண்டை. அங்கே நீ ஏறுவாய், தலையில் ஈரம் சொட்டும், "யார்கூடடி இன்னிக்கு?" என்று கேட்டுக்கொண்டே உட்காருவாய். சண்டை எனக்கு, சீட்டு உனக்கு. உட்கார்ந்ததும் கையில் எது இருந்தாலும் படிப்பாய். டிக்கெட்டின் பின்பக்கம், சுண்டல் மடித்த பேப்பர், முன் சீட்டில் எவனோ கிறுக்கி வைத்த காதல் வசனம், எதையும் விடமாட்டாய்.

கம்ப்யூட்டர் லேபிலும் அதே கதைதான். திரையில் ஏதாவது தப்பு என்று வந்தால் நாங்கள் எல்லாரும் "ஐயோ" என்று பட்டனை அமுக்கி அணைத்துவிடுவோம். நீ மட்டும் மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்டே போய் வாசிப்பாய். "அது இன்னா சொல்லுதுன்னு மொதல்ல படிடி. அப்புறம் அழு" என்பாய். நான் பெரும்பாலும் முதலில் அழுகிற கட்சி.

அந்த லேபில்தான் முதல் ஆயுத பூஜை. எல்லாருக்கும் பொரி கொடுத்தார்கள். நீ வாங்கவில்லை. வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தப்பா நெனைக்காத. படைச்சத மட்டும் நான் சாப்ட மாட்டேன். எங்க வீட்ல அப்டி. எனக்கும் அப்டித்தான்" என்றாய். உன் அப்பா கிறிஸ்தவ சபையில் மூப்பர், எங்கள் பக்கம் வேதக்காரர் என்பார்கள். ஆனால் அவருக்குப் பயந்து சொல்லவில்லை நீ, மனசோடு சொன்னாய். நான் ஒன்றும் பெரிதாக நினைக்கவில்லை. அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் வீட்டில் சாமிக்கு வைப்பதற்கு முன்பே ஒரு பிடி பொரி, கடலை, வெல்லம் எடுத்துப் பேப்பரில் மடித்து உனக்கு வைத்துவிடுவேன். அது நமக்குள் பழக்கமாகிவிட்டது.

கல்யாணமாகி நான் ஆரணியிலேயே எங்களை மாதிரி இன்னொரு பட்டுக்காரர் வீட்டுக்குப் போனேன். மாமாவுக்கு, அதாவது என் மாமனாருக்கு, சொந்தத் தறிகளும் உண்டு, வெளியே நெசவுக்குக் கொடுத்து வாங்கும் வியாபாரமும் உண்டு. அப்போது கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக டிசைன் போட்டு, தறிக்கு ஓட்டை அட்டை அடித்துக்கொண்டிருந்த இடத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டு முன் ரூமிலேயே டிசைன் சென்டர் வைக்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். "நீ ஒக்காந்து வரைம்மா, யார் வேணாங்கறாங்க? வெளியாளு எதுக்கு?" என்றார் மாமா. "எனக்கு வரையத்தான் தெரியும் மாமா, அவளுக்குத்தான் மெஷின் தெரியும்" என்றேன். அது நூற்றுக்கு நூறு உண்மை. பாலிடெக்னிக் நாளிலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து ஒரு இடம் வைப்போம் என்று பேசிப் பேசி வந்ததும் உண்மை. நீ கையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்தாய். மாமா அரை மனசோடு சரி என்றார். அந்த அரை மனசு எப்போது முழுசாகும், எப்போது இல்லாமல் போகும் என்று எனக்கு தினமும் திக்கென்று இருக்கும்.

லைனக்ஸ் உன் வேலை. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஃப்ளாப்பியில் வைரஸ் கொண்டுவந்து, ஒரு நாள் முழு முந்தானை டிசைனையே அது தின்றுவிட்டது. மறுபடியும் விண்டோஸ் போட யாரோ ஒரு திருட்டு சிடி கொடுத்தார்கள். "திருட்டு சிடி எனக்கு வேணாம்டி" என்று கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக வந்த லைனக்ஸ் சிடியை எடுத்துவந்து போட்டாய். மாமா அதற்கு 'உன் கூட்டாளி கம்ப்யூட்டர்' என்று பேர் வைத்தார். அந்த வருஷம் பூஜைக்கு நான் பேப்பரில் மடித்த பொரியை ஒளித்து நீட்டியபோது, "திருட்டு சிடி வேணாம்னு சொன்னவளுக்குத் திருட்டுப் பொரியா?" என்று நீ சிரித்தாய்.

ஒளித்துத்தான் கொடுத்தேன். அத்தைக்கு, அதாவது மாமியாருக்கு, நீ படையல் சாப்பிட மாட்டாய் என்பதே தெரியாது. தெரிந்தால் பேச்சு வரும் என்று நான் சொல்லவில்லை. நீ பூஜைக்கு முன்பே பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவாய், மறுநாள் யாரும் கேட்கப்போவதில்லை. எனக்குச் சௌகரியமாக இருந்தது. இப்போது யோசித்தால், உன்னைப் பற்றி ஒரு சின்ன விஷயத்தை எங்கள் வீட்டில் நேராகச் சொல்லக்கூட எனக்குத் துப்பில்லை.

அதற்கடுத்த வருஷம் ஆயுத பூஜை. மத்தியானம் வந்து நீதான் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் துடைத்தாய். ஃபேனுக்குள் பட்டு நூல் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தது. "இதுக்கும் ஒரு பொடவ கட்டிடலாம்டி, அவ்ளோ நூலு கீது" என்றாய். எல்லாவற்றையும் மாட்டி, ஒரு தரம் ஓட்டிப் பார்த்து, ஒழுங்காக அணைத்துவிட்டுக் கிளம்பினாய். சாயங்காலம் பூஜை நடக்கும்போது நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். முன் ரூமில் என்ன நடந்தது என்று எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

மறுநாள் விஜயதசமி. பூஜைக்கு வைத்ததை நல்ல நேரம் பார்த்து எடுத்து, புது வேலை தொடங்குகிற நாள். தேவிகாபுரத்திலிருந்து ஒரு தம்பதி மகளின் முகூர்த்தப் புடவைக்கு டிசைன் தொடங்க வந்திருந்தார்கள். வெற்றிலை பாக்குத் தட்டோடு, அந்த அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு. மாமா சலவை வேட்டியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நீ இன்னும் வரவில்லை. "நேரம் போவுதும்மா, ஜல்தி போடு" என்றார் மாமா. நான் கும்பிட்டுவிட்டு பட்டனை அழுத்தினேன்.

எழுத்துகள் ஓடின. ஓடிய வேகத்தில் நின்றன. கெர்னல் பேனிக். கீபோர்டில் இரண்டு விளக்கு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது, வேறு எதுவும் அசையவில்லை. அணைத்துப் போட்டேன். அதே இடம். மறுபடியும் போட்டேன். அதே இடம். அந்த அம்மா புருஷனிடம், "இன்னாங்க இது, ஆரம்பிக்கும்போதே" என்றார், மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

மாமாவுக்கு மானம் போய்விட்டது. வெளியூர்க்காரர் முன்னால், அதுவும் விஜயதசமி அன்று. அவர் முகம் கறுத்ததை நான் பார்த்தேன்.

"நான் அப்பவே சொன்னேன், யாரு கேட்டாங்க? பூஜைக்கு வெக்கிற சாமானத்த வேதக்காரப் பொண்ணு பிரிச்சிப் போட்டு உருட்டுனா இப்டித்தான் ஆவும். நாளையிலேருந்து அந்தப் பொண்ணும் வேணாம், அது போட்ட லைனக்ஸும் வேணாம்" என்றார்.

சொல்லி முடிக்கும்போது நீ வாசல் நிலைக்கு உள்ளே நின்றிருந்தாய். ஒரு செருப்பைக் கழற்றிவிட்டாய், இன்னொன்று காலில் இருந்தது.

நான் "மாமா!" என்றேன். அவ்வளவுதான் வந்தது என் வாயிலிருந்து. பஸ்ஸில் ஒரு சீட்டுக்காக ஊரையே எதிர்த்து நின்றவள், என் வீட்டில், உனக்காக, ஒரே ஒரு வார்த்தை. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. மாமா திரும்பி உன்னைப் பார்த்தார். பார்த்தும் சொன்னதை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீ இன்னொரு செருப்பையும் கழற்றினாய். "ஒரு நிமிசங்க ஐயா. இன்னா எழுதிகீதுன்னு மட்டும் பாத்துடறேன்" என்று வந்து உட்கார்ந்தாய். உன் காது நுனி சிவந்திருந்தது. குரலில் எதுவும் தெரியவில்லை.

வழக்கம்போலத் திரைக்குக் கிட்டே போய்ப் படித்தாய். எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "கெர்னல் நல்லா எழுந்து வருதுடி. டிஸ்க் செத்துப் போவல. தன் வீடு எங்கன்னு தெரியாம நிக்குது" என்றாய். அணைத்துப் போட்டாய். இந்தத் தடவை, எல்லாரும் கவனிக்காமல் விடும் முதல் திரையில், ஓடுவதை நிறுத்துகிற 'பாஸ்' பட்டனை ஒரு விரலால் அமுக்கிவிட்டாய். அதில் எந்த எந்த இடத்தில் என்ன மாட்டியிருக்கிறது என்று வரிசையாக வரும். முதல் இடத்தில் ஹார்ட் டிஸ்க் இருக்கவேண்டும். அங்கே சிடி டிரைவின் பேர் இருந்தது. ஹார்ட் டிஸ்க் கீழே, மூன்றாவது இடத்தில் இருந்தது.

"பாரு. ரெண்டும் எடம் மாறி ஒக்காந்துகினு கீது" என்றாய். எனக்குப் புரிந்தது. லைனக்ஸுக்கு அந்த நாளில் இடம்தான் பேர். முதல் இடத்தில் உட்கார்ந்த டிஸ்க் எச்.டி.ஏ., மூன்றாம் இடத்தில் உட்கார்ந்தால் எச்.டி.சி. அதனுடைய வீடு முதல் இடத்தில் இருக்கிறது என்று நாம் எழுதிவைத்திருந்தோம். அது அங்கே போய்ப் பார்த்தால் காலி சிடி டிரைவ். பயந்து நின்றுவிட்டது.

சந்தேகம் தீர, தொடக்க மெனுவில் நிறுத்தி, வீடு எங்கே என்று எழுதிய வரியைத் திறந்து, ஏ-வை அழித்து சி என்று அடித்தாய். நின்ற இடத்தைத் தாண்டி எழுத்துகள் ஓடின. அந்தத் தேவிகாபுரத்து அம்மா "ஆங், வருது வருது" என்று சந்தோஷப்பட்டார். இன்னும் கொஞ்ச தூரம் போய் வேறு ஒரு இடத்தில் பாஸ்வேர்டு கேட்டு நின்றது, உள்ளே இன்னொரு இடத்திலும் பழைய பேரே எழுதியிருந்ததால். உனக்கு அது போதும். "ஒயரு மாறிகீதுங்க. பெட்டியத் தொறக்கணும்" என்றாய்.

நீ அதைச் சொன்னதும் அத்தை கதவோரத்தில் அசைந்தாள். ஏன் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றி பக்கவாட்டுத் தகட்டை எடுத்தாய். ஹார்ட் டிஸ்க்கின் நெற்றியில் மூன்று விரல் சந்தனம், நடுவில் குங்குமம். ஒரு சாமந்தி இதழ் ஃபேனுக்கு அடியில் கிடந்தது. பட்டை ஒயர்கள் இரண்டும் போர்டில் இடம் மாறிக் குத்தியிருந்தன. ஒரு முனையில் குங்குமம் பிடித்த விரல் அடையாளம்கூட இருந்தது.

எங்கள் வீட்டில் தறிக்குப் பொட்டு தூணில் வைப்பதில்லை. மேலே ஏறி, டிசைன் அட்டை ஓடுகிற ஜக்கார்டு பெட்டிக்கு வைப்பார்கள். அத்தை அதே நியாயத்தில், "டிசைன் எதுக்குள்ளடா கீது?" என்று மகனைக் கேட்டிருக்கிறாள். என் வீட்டுக்காரர் பெட்டியைத் திறந்து, இரண்டு ஒயரையும் பிடுங்கி, டிஸ்க்கை வெளியே எடுத்து அம்மாவிடம் நீட்டியிருக்கிறார். பொட்டு வைத்ததும் பழையபடி உள்ளே வைத்து, இரண்டும் ஒரே மாதிரிக் கறுப்பாக இருந்த துளைகளில் தோன்றிய மாதிரி குத்திவிட்டார். பக்தியில் குறை ஒன்றும் இல்லை.

நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். என்ன சொன்னாலும் தகும். எங்கள் எல்லார் வாயையும் தைத்திருக்கலாம். நீ அந்த டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க்குக்குப் பொட்டு வெச்ச ஊரு உலகத்துலயே நம்ம ஊராத்தான் இருக்கும்" என்றாய். தேவிகாபுரத்துக்காரர் வெடித்துச் சிரித்தார். ஒயரை மாற்றிக் குத்தினாய். பொட்டை அழிக்கவில்லை. அப்படியே மூடினாய். கம்ப்யூட்டர் எழுந்து வந்தது.

மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரி, வேலையப் பாருங்க" என்றார். அது மட்டும்தான் அவர் சொன்னது.

அத்தைதான் தாங்கவில்லை. உள்ளே போனாள். வந்தபோது கையில் பூஜைத் தட்டு. நேற்றுச் சாமிக்குப் படைத்த பொரி, கடலை, வெல்லம், ஒரு துண்டு கரும்பு. எல்லார் முன்னாலும் இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டினாள். "நான்தாம்மா வெக்கச் சொன்னேன். உன்மேல பழி வந்துச்சு. மனசுல வெச்சிக்காத. எங்க வீட்டுப் பிரசாதம், வாய்ல போட்டுக்க" என்றாள். அவள் கை நடுங்கித் தட்டில் பொரி அசைந்தது. அவளுக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லையே.

உனக்கு எடுத்து வைத்த பொட்டலம் எனக்குப் பின்னால் அலமாரியில் இருந்தது. நான் திரும்பினேன், அதை எடுக்கவோ, "அத்தை, அவ சாப்ட மாட்டா" என்று சொல்லவோ. எதற்கென்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. நீ என்னைப் பார்த்து இமையை மட்டும் தாழ்த்தினாய். பேசாதே என்று. பிறகு ஒரு பிடி பொரியை எடுத்து வாயில் போட்டு, நின்றபடியே மென்று விழுங்கினாய். அத்தை அழுதுவிட்டாள். மாமாவின் முகம் இளகியது. எல்லாருக்கும் மனசு லேசாகிவிட்டது. எனக்கு மட்டும் இல்லை. பழி சொன்னது எங்கள் வீடு. தப்பு செய்தது எங்கள் வீடு. அதற்கு நீ உன்னுடையதிலிருந்து எடுத்துக் கொடுத்தாய். எவ்வளவு கொடுத்தாய் என்று அந்த ரூமில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் உன்னை பஸ் ஏற்ற வந்தேன். "ஏண்டி சாப்ட? நான் சொல்லியிருப்பேன் இல்ல" என்று கேட்டேன். சண்டைக்காரி மாதிரிதான் கேட்டேன், வெட்கம் அப்படித்தான் வெளியே வந்தது.

"உங்க அத்தை கை நடுங்கினு இருந்துச்சு, பாத்தியா? நான் வேணாம்னா அந்தக் கை எங்க போவும்?" என்றாய். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத. பொரி தின்னத மன்னிச்சிடுவாரு. உங்க மாமா சொன்னது தெரிஞ்சா அதுக்கப்புறம் என்னை இங்க அனுப்ப மாட்டாரு. எனக்கு இங்கதான் வரணும்டி" என்றாய். சொல்ல மாட்டேன் என்றேன். பஸ் வந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, யாரோ விட்டுப்போன பேப்பரை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாய்.

நீ அதற்குப் பிறகும் வந்தாய். கல்யாணமாகிச் சென்னைக்குப் போகிறவரை வந்தாய். மாமாகூட வருகிறவர்களிடம் "நம்ம பொண்ணு, கெட்டிக்காரி" என்பார். மன்னிப்பு என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, வரவும் வராது.

அத்தை செய்தது அதைவிட மோசம், நல்ல மனசோடு செய்ததால் இன்னும் மோசம். கல்யாணமோ காதுகுத்தோ எங்கே போனாலும், "வேதக்காரப் பொண்ணுதான், ஆனா எங்க வீட்டுப் படையல வாங்கி எப்டி சாப்டுச்சு தெரியுமா! நல்ல பொண்ணு" என்று சொல்வாள். ஒவ்வொரு தடவையும் நான் பக்கத்தில் இருப்பேன். "போதும் அத்தை" என்று ஒரு தடவை சொன்னதற்கு, "பெருமையாத்தானே சொல்றேன், ஏன் பேஜார் பண்ற?" என்று கோபித்துக்கொண்டாள். நீ வாங்கிய ஒரு பிடி பொரியை எங்கள் வீட்டுப் பெருமையாக்கி ஊர் முழுக்கப் பரிமாறினார்கள். நான் தட்டு பிடித்துக்கொண்டு கூடவே நின்றேன்.

போன வருஷம் நீ போனாய். நோய் என்று தெரிந்து சென்னைக்கு வந்து பார்த்தபோதும் நீ மருந்துச் சீட்டை வாசித்துக்கொண்டுதான் இருந்தாய். கண்ணமங்கலத்துக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள். சில நாள் கழித்து ஜெபக் கூட்டத்துக்கு நான் போனேன். எல்லாரும் கிளம்பிய பிறகு உன் அப்பா என்னைத் தன் பக்கத்தில் உட்காரச் சொன்னார். இளைத்துப் பாதியாகிவிட்டார். மடியில் இருந்த பைபிளை மூடி வைத்தார். பிறகு கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. உங்க வீட்டுக்கு வேலைக்கு வந்துகினு இருந்துச்சே, அப்ப ஒரு வருசம் அக்டோபர்லேருந்து கிறிஸ்மஸ் வரைக்கும் திருவிருந்து, அதான் சர்ச்ல குடுக்கற அப்பமும் ரசமும், எடுக்கவே இல்ல. எல்லாரும் எழுந்து போவாங்க, இது மட்டும் பெஞ்சிலயே ஒக்காந்துகினு இருக்கும். நான் மூப்பரு. சபையே திரும்பிப் பாக்கும். ஏம்மான்னு கேட்டா, 'மனசு சரியில்லப்பா, ஆண்டவர்கிட்ட நானே மன்னிப்பு கேட்டுக்கறேன்'னு சொல்லும். நான் இன்னா இன்னாவோ நெனைச்சிட்டேன். யாரையாவது விரும்புதோ, ஏதாவது தப்பு நடந்து போச்சோன்னு. கோவத்துல ஒரு நாள் கேக்கக்கூடாதத கேட்டுட்டேன். அது ஒண்ணுமே சொல்லல. கடைசி வரைக்கும் சொல்லல. உனக்குத் தெரியுமாம்மா?"

எனக்குத் தெரியாது, நீ அப்படி உட்கார்ந்திருந்தது. ஏன் என்று மட்டும் அவர் சொல்லும்போதே தெரிந்துவிட்டது, அந்த ஒரு பிடி பொரி. எங்கள் வீட்டில் எல்லாரும் உன்னைக் கெட்டிக்காரி என்று புகழ்ந்துகொண்டிருந்த அந்த மாதங்களில், ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை நீ உன் அப்பா முன்னாலும் ஊர் முன்னாலும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாய். திங்கட்கிழமை சிரித்துக்கொண்டு எங்கள் வாசலில் செருப்பைக் கழற்றினாய். அடிப்பாவி, என்னிடமாவது சொல்லியிருக்கக்கூடாதா?

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு அப்பா தன் மகளைப் பற்றி இத்தனை வருஷம் மனசில் வைத்திருந்த சந்தேகம். நான் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே தீர்ந்துவிடும். ஒரு வயசான அம்மாவின் கை நடுங்கியதற்காகச் சாப்பிட்டாள் ஐயா, வேறு ஒரு தப்பும் செய்யவில்லை உங்கள் பெண், என்று சொன்னால் போதும். ஆனால் அதைச் சொன்னால் ஏன் கை நடுங்கியது என்று கேட்பார். மாமா சொன்னதைச் சொல்லவேண்டி வரும். வேதக்காரப் பொண்ணு என்ற வார்த்தையை, அந்த வீட்டில், உன் படத்துக்கு முன்னால், என் வாயால்.

"தெரியாதுங்க ஐயா" என்றேன்.

உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்று வழியெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு வந்தேன். நீ வாக்கு கேட்டது எங்கள் வீட்டுக்குத் தொடர்ந்து வரவேண்டும் என்பதற்காக. நீயே இல்லாதபோது அந்த வாக்கு எதற்கு? நான் காப்பாற்றியது எங்கள் வீட்டு மானத்தை. அன்றைக்கும் நீதான் கொடுத்தாய். இன்றைக்கும், மண்ணுக்குள் போன பிறகும், உன் பேரிலிருந்தே எடுத்துக்கொண்டேன்.

மறுபடியும் கண்ணமங்கலம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தரம் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பி, வாசலோடு திரும்பிவிட்டேன். அவருக்கு வயசு ஏறிக்கொண்டே போகிறது. நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன், எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

நான் தெரியாது என்றதும் அவர் என்ன செய்தார் தெரியுமா? என் தலைமேல் கை வைத்தார். "உனக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்ப. நீ மறைக்கிற பொண்ணு இல்லன்னு அதுவே எங்கிட்ட சொல்லியிருக்குது" என்றார். உள்ளே போய், அவரே காப்பி கலந்து, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன்.